தோல் வேலை: கைத்தொழிலும் அதன் கணக்கும்

லண்டன், பரிஸ், ரொறன்ரோ என்று எம்மவர்கள் வாழும் நகரங்களின் வார இறுதிச் சந்தைகளில், கையால் தைத்த பேர்சுகளும் இடுப்புப்பட்டிகளும் தோற்பைகளும் விற்கும் மேசை ஒன்றையாவது காணலாம். பக்கத்துக் கடையில் 15 பவுணுக்குக் கிடைக்கும் பேர்ஸ் இந்த மேசையில் 90 பவுண். "இது பகல் கொள்ளை" என்று சிலர் விலகிப் போவார்கள். சிலர் வாங்கி, பத்து வருடங்களுக்குப் பின்னரும் அதையே பாவிப்பார்கள்.

எமது இளையவர்கள் சிலருக்கும் இந்த வேலையில் ஆர்வம் வந்திருக்கிறது. வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் தோலை விரித்து வைத்துத் தைக்கிறார்கள். பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. படித்த பிள்ளை ஏன் செருப்புத் தைப்பவரின் வேலையைச் செய்ய வேண்டும் என்ற கேள்வி, வாய்விட்டுக் கேட்கப்படாவிட்டாலும், வீட்டுக்குள் இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே இங்கே மூன்று விடயங்களைப் பார்ப்போம். கைவேலைத் தோற்பொருளுக்கு ஏன் இவ்வளவு விலை? அதைச் செய்து ஒருவர் பிழைக்க முடியுமா? எமது வீடுகளில் இருக்கும் அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது?

பச்சைத் தோல் பதப்பட்ட தோலாவது எப்படி

உரித்த தோலை அப்படியே விட்டால் ஓரிரு நாளில் அழுகிவிடும். காயவைத்தால் பலகைபோல விறைக்கும். நனைந்தால் மீண்டும் அழுகத் தொடங்கும். அழுகாமலும் விறைக்காமலும் அதை நிலைப்படுத்துவதுதான் பதனிடுதல்.

முதலில் உப்பிட்டுப் பாதுகாத்த தோலை நீரில் ஊறவைத்துக் கழுவுவார்கள். பின்னர் சுண்ணாம்பு நீரில் இட்டால் மயிர் கழன்றுவிடும். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்து எடுப்பார்கள். மிஞ்சுவது கொலாஜன் என்ற புரதநார்களின் பின்னல். அந்த நார்களோடு பிணைந்து அவற்றை அழுகாமல் காக்கும் பொருள் எது என்பதைப் பொறுத்தே பதனிடும் முறை வேறுபடுகிறது.

பழைய முறை தாவரப் பதனிடல். மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் இந்த வேலையைச் செய்கிறது. வாழைப்பூ நறுக்கினால் கையில் கறை பிடிப்பதும், கடுக்காயைக் கடித்தால் வாய் துவர்ப்பதும் இதே வகைப் பொருட்களால்தான். இந்த முறைக்குப் பல வாரங்கள், சில இடங்களில் பல மாதங்கள் எடுக்கும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கோலிற்றன் என்ற சிற்றூரில் இன்றும் ஓக் மரப்பட்டையால் பதனிடும் ஒரு குடும்பத் தொழிற்சாலை உள்ளது. அங்கே தடித்த தோல் ஒன்று முழுமையாகத் தயாராக ஒரு வருடத்துக்கும் மேல் செல்கிறது.

புதிய முறை குரோம் பதனிடல். குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ஸ் காப்புரிமை பெற்றார். மாதக் கணக்கில் செய்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோலும் மென்மையாக, நீரைத் தாங்குவதாக வந்தது. இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் மிகப் பெரும் பகுதி இந்த முறையில் வருவதுதான். நாம் அணியும் சப்பாத்தின் மேற்தோல், தோல் ஜாக்கெட், கார் இருக்கை என்பன பெரும்பாலும் குரோம் தோலே.

கைவேலைக்காரர்கள் பலர் தாவரப் பதனிட்ட தோலை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அதை நனைத்து வடிவம் கொடுக்கலாம். வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மினுக்கலாம். வெயிலும் கைச்சூடும் பட்டு, காலப்போக்கில் நிறம் ஆழ்ந்து அழகு கூடும். இத்தாலியில் பிசாவுக்கும் புளோரன்சுக்கும் இடைப்பட்ட சாந்தா குரோச்சே என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும் இந்தத் தோலுக்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள தாவரப் பதனிடுவோர் 1994இல் ஒரு கூட்டமைப்பை அமைத்து, தமது தோலுக்குச் சான்று முத்திரை வழங்கி வருகின்றனர்.

ஆவாரம்பட்டை கடல் கடந்த கதை

இத்தாலியத் தோலைப் பற்றிப் பேசும் எம்மவர் பலருக்கு, தமிழர் நிலத்துக்கும் இப்படியொரு தோல் இருந்தது தெரியாது. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் தானாக வளரும் ஆவாரைச் செடியின் பட்டை டானின் நிறைந்தது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் அந்தப் பட்டையால் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்டு, கடைசியில் கடுக்காய் நீரில் இட்டு நிறத்தைத் தெளிவாக்கினார்கள். பிற்காலத்தில் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது.

இப்படிப் பாதி முடித்த தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போய் அங்கே ஏலத்தில் விற்கப்பட்டது. ஆங்கிலேய வணிகர்கள் அதைக் 'கிழக்கிந்தியத் தோல்' என்று அழைத்தார்கள். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினரின் பூட்சுகளின் மேற்தோலுக்கு இந்தத் தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. தோலைப் பதனிட்டவர்கள் எமது மொழி பேசியவர்கள். அதை முடித்து, தைத்து, பெயர் போட்டு விற்ற இலாபம் இங்கிலாந்தில் தங்கியது. 1970களில் இந்திய அரசு பச்சைத் தோல், பாதி முடித்த தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த பொருட்களை ஊக்குவிக்கத் தொடங்கியதற்கு இந்த இழப்பே காரணம். கிழக்கிந்தியத் தோலுக்கு இன்று தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடும் உண்டு.

சென்னையில் அகதிகளாக இருந்தவர்களுக்குக் குரோம்பேட்டை தெரிந்திருக்கும். அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் அந்த இடத்துக்கு அப்பெயர் வந்தது. அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உலகின் முக்கியமான தோல் ஆய்வகங்களில் ஒன்று. அதனை வளர்த்தெடுத்த விஞ்ஞானி நாயுடம்மா, 1985இல் கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் பலியானவர்களில் ஒருவர்.

இந்தத் தொழிலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. கிணறுகள் பாழாகின. இது தொடர்பான வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி வேலை செய்தவர்களின் வாழ்க்கையை அறிய விரும்புபவர்கள், திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலைத் தேடி வாசிக்கலாம். 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்ற நூல் அது.

எது தோல், எது தோல் மாதிரி

கடையில் 'ஜெனுவின் லெதர்' என்று எழுதியிருந்தால் அது உயர்தரம் என்று நம்பி வாங்குகிறோம். உண்மையில் அந்தச் சொல், அதில் தோல் உண்டு என்பதைத் தவிர வேறெதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

மாட்டுத்தோல் தடித்தது. அதைக் கிடையாக இரண்டு மூன்று படைகளாகப் பிளக்கலாம். மயிர் இருந்த மேற்படையில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். அந்த மேற்பரப்பைச் சுரண்டாமல் அப்படியே விட்டது 'ஃபுல் கிரெயின்'. மிக உறுதியானது இதுவே. கீறல், பூச்சிக்கடித் தழும்பு ஆகியவற்றை மறைக்க மேற்பரப்பைத் தேய்த்துப் பூச்சுப் பூசியது அடுத்த தரம். கீழ்ப்படை 'ஸ்பிளிட்'. அதன் மேல் பிளாஸ்ரிக் பூச்சுப் போட்டு, தோலின் கோலத்தை அச்சடித்தும் விற்பார்கள். 'பொண்டட் லெதர்' என்பது தோல் தூளையும் துண்டுகளையும் பசையோடு அரைத்து அழுத்திய தகடு. சில வருடங்களில் உரிந்து விழும் சோபாக்கள் பல இந்த வகைதான். 'வீகன் லெதர்' என்று வருவதில் பெரும்பகுதி பிளாஸ்ரிக். விலங்குத் தோலால் ஆகாத பொருளைத் தோல் என்ற சொல்லால் விற்பதை இத்தாலி 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்துள்ளது.

வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நல்ல தோலின் ஓரத்தில் நார்கள் தெரியும். பிளாஸ்ரிக் படை தனியாகத் தெரிந்தால் விடயம் விளங்கிவிடும். மெதுவாக மடித்துப் பாருங்கள். உண்மைத் தோலில் மெல்லிய ஒழுங்கற்ற சுருக்கங்கள் எழும். ஒரே மாதிரியான புள்ளிக்கோலம் முழுப் பையிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்தது. நெருப்பு வைத்துச் சோதிக்கச் சொல்லும் காணொளிகளை நம்பிப் பொருளைப் பழுதாக்க வேண்டாம்.

இரண்டு ஊசி, ஒரு நூல்

தையல் இயந்திரத்தில் மேல்நூல், கீழ்நூல் என இரண்டு நூல்கள் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோலப் பிடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் பிரிந்து வரலாம்.

கைத்தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் ஊசி கடந்து செல்லும். குதிரைச் சேணம் தைத்தவர்களிடமிருந்து வந்ததால் இதைச் சேணத் தையல் என்பார்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொண்டிருக்கும். சேணம் நடுவழியில் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் உருவான தையல் இது. பைகளுக்குப் புகழ்பெற்ற ஏர்மேஸ் நிறுவனமும் 1837இல் பரிசில் குதிரைச் சேணக் கடையாகத் தொடங்கியதுதான். அங்கே இன்றும் முக்கியமான பைகளை ஒரே கைவினைஞர் ஆரம்பம் முதல் முடிவு வரை செய்கிறார்.

வேலையின் ஒழுங்கு இது. முதலில் கடதாசி மட்டையில் அளவு வெட்டித் தோலில் அடையாளமிட வேண்டும். தோலின் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. முதுகுப் பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி இழுபடும். இடுப்புப்பட்டியை வயிற்றுத் தோலில் வெட்டினால் சில மாதங்களில் நீண்டுவிடும். வெட்டியபின், மடிப்பும் இணைப்பும் வரும் ஓரங்களைக் கூரிய கத்தியால் மெல்லியதாகச் சீவ வேண்டும். புதியவர்கள் அதிகம் தோலைப் பழுதாக்குவது இந்த இடத்தில்தான். பின்னர் பசை பூசி ஒட்டி, பல் வைத்த இரும்பால் சம இடைவெளியில் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய லினன் நூலால் தைக்க வேண்டும். கடைசியாக ஓரங்களை அரத்தாளால் தேய்த்து, நனைத்து, மெழுகிட்டு மினுக்க வேண்டும். வாங்குபவர் முதலில் தொட்டுப் பார்ப்பது ஓரத்தைத்தான். அங்கே அவசரப்பட்டால் முழு வேலையும் மலிவாகத் தெரியும்.

ஒரு பேர்சின் கணக்கு

இனி விலைக்கு வருவோம். இரண்டாக மடிக்கும் சாதாரண பேர்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் விலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கழிவோடு சேர்த்து ஒன்றரைச் சதுர அடித் தோல் தேவை. சதுர அடி 9 பவுண் என்றால் 13.50 பவுண். நூல், பசை, மெழுகு, பெட்டி 3.50 பவுண். பொருட்செலவு 17 பவுண்.

நேரம்: வெட்ட அரை மணி, சீவி ஒட்ட முக்கால் மணி, துளையிட்டுத் தைக்க ஒன்றரை மணி, ஓரத்துக்கு முக்கால் மணி, சரிபார்த்துப் பொதி செய்ய அரை மணி. மொத்தம் 4 மணித்தியாலம். பிரித்தானியாவின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டி மணிக்கு 13 பவுண் என்று வைத்தால் 52 பவுண். இரண்டும் சேர்த்து 69.

கருவித் தேய்மானம், மின்சாரம், பழுதாகிப் போன தோல், படம் எடுத்து விளம்பரம் செய்யும் நேரம் ஆகியவற்றுக்கு 10 பவுண். இப்போது 79. இணைய விற்பனைத் தளமும் கொடுப்பனவுச் சேவையும் எடுக்கும் கட்டணத்தை 12 சதவீதம் என்று வைத்தால், 90 பவுணுக்கு விற்றால்தான் அந்த 79 கைக்கு வரும்.

சந்தை மேசையில் கண்ட 90 பவுண் கொள்ளை விலை அல்ல என்பது இப்போது தெரியும். அது செய்தவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மட்டுமே கொடுக்கும் விலை.

இதே பேர்சை "சனம் வாங்கட்டும்" என்று 35 பவுணுக்கு விற்றால் என்ன நடக்கும்? கட்டணம் 4.20, பொருள் 17, இதர செலவு 10 போக மிஞ்சுவது 3.80 பவுண். நான்கு மணி நேர உழைப்புக்கு மணிக்கு ஒரு பவுண்கூட இல்லை. வீட்டிலிருந்து தொழில் தொடங்கி ஒரு வருடத்தில் களைத்து நிறுத்துபவர்கள் பலர் விழுவது இந்தக் குழியில்தான். பொருட்செலவை எண்ணுகிறார்கள்; தமது நேரத்தை எண்ணுவதில்லை. சாப்பாடு, தையல், அலங்காரம் என்று வீட்டுத் தொழில் செய்யும் எமது பெண்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். உறவினருக்கும் தெரிந்தவருக்கும் "சும்மா போட்டுத் தாங்கோ" என்று கொடுக்கும் விலையே பின்னர் எல்லோரும் கேட்கும் விலையாகிவிடுகிறது.

கடை ஒன்றின் மூலம் விற்றால் கடைக்காரர் விற்பனை விலையில் பாதியளவை எடுப்பது வழக்கம். ஆகவே 90 பவுண் பேர்ஸ் கடைக்குக் கட்டாது. தப்பிக்க வழிகள் உண்டு. ஒன்றொன்றாகச் செய்யாமல் பத்துப் பேர்சை ஒன்றாக வெட்டி, ஒன்றாக ஒட்டினால் நேரம் குறையும். தையல் குறைவான இடுப்புப்பட்டி, மிஞ்சிய துண்டில் செய்யும் சாவிக்கொத்து, அட்டை வைக்கும் உறை என்பன நேரத்துக்கு நல்ல வருமானம் தரும். பெயர் பொறித்துக் கேட்கும் தனிக் கட்டளைக்கு விலை கூடச் சொல்லலாம். பழைய பை, சப்பாத்து திருத்தும் வேலைக்கு எல்லா நகரங்களிலும் தேவை உண்டு. அதற்குப் பொருட்செலவு மிகக் குறைவு.

தொடங்க நினைப்பவர்களுக்கு

முதலில் வாங்க வேண்டிய கருவிகள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும்: ஊசிகள், நூல், மெழுகு, துளையிடும் இரும்பு, மரச் சுத்தியல், நல்ல கத்தி, இரும்பு அடிமட்டம், அரத்தாள். முழுத் தோல் வாங்க வேண்டாம். துண்டுத் தோலில் ஆறு மாதம் பழகுங்கள். முதல் இருபது பொருட்களை விற்கக் கணக்குப் போடாதீர்கள்.

முறையாகப் படிக்க விரும்பினால் பிரான்சில் தோற்பொருள் வேலைக்கென்றே தேசிய தொழிற்சான்றிதழ் உண்டு. பெரிய நிறுவனங்கள் பயிற்சியோடு ஆட்களைச் சேர்க்கின்றன. ஏர்மேஸ் 2021இல் இதற்கெனச் சொந்தப் பயிற்சிக் கூடமே தொடங்கியது. இங்கிலாந்தில் தோல் வேலையின் தலைநகர் வோல்சோல். அந்த ஊர் உதைபந்தாட்ட அணியின் செல்லப் பெயரே 'சேணக்காரர்கள்'. அங்குள்ள தோல் அருங்காட்சியகம் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று காட்ட வேண்டிய இடம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் ஒரு வரி ஆண்டில் விற்பனை வரவு 1,000 பவுணைத் தாண்டினால் சுயதொழிலாகப் பதிய வேண்டும். இது இலாபம் அல்ல, மொத்த வரவு என்பதைக் கவனியுங்கள். தஞ்சக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் அங்கே சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. இணையத்தில் நாலு பை விற்றதுகூட வழக்கைப் பாதிக்கலாம். சட்டத்தரணியைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலில் படும் தோற்பொருளில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2015 முதல் உள்ளது. எனவே சான்றுள்ள தோலையே வாங்குங்கள். முதலை, மலைப்பாம்புத் தோல்களை எல்லை தாண்டி அனுப்பச் சர்வதேச அனுமதிப் பத்திரம் தேவை. பிரபல நிறுவனங்களின் சின்னத்தைப் பொறித்து விற்பது குற்றம்.

சொல்லப்படாத தயக்கம்

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வி. தோல் வேலையை எமது வீடுகள் தாழ்வாகப் பார்ப்பதற்குக் காரணம் தோல் அல்ல, சாதி. செத்த மாட்டைத் தூக்கும்படி, தோலை உரிக்கும்படி, செருப்புத் தைக்கும்படி சில சமூகங்களைக் கட்டாயப்படுத்திவிட்டு, அந்த வேலையைக் காரணம் காட்டி அவர்களையே தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கினோம். தமிழகத்திலும் ஈழத்திலும் நடந்தது இதுதான்.

அதே தோல் மிருதங்கமாகி மேடைக்கு வந்தபோது அதற்கு மாலை போட்டோம். புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதி தவறாமல் பிள்ளைகளை மிருதங்க வகுப்புக்குக் கூட்டிச் செல்கிறோம். அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுக்கிறோம். அந்த வாத்தியத்தின் நாதம் மாடு, ஆடு, எருமைத் தோல்களைத் தெரிந்து, உரித்து, வெட்டி, வாரிழுத்துக் கட்டியவரின் கையிலிருந்து வருகிறது. அவர் பெயர் அழைப்பிதழில் இருப்பதில்லை. அந்த மனிதர்களின் வரலாற்றைத்தான் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியான 'செபாஸ்ரியன் அன்ட் சன்ஸ்' நூலில் எழுதினார். 2025இல் பிராடா நிறுவனம் மிலானில் கோலாப்பூர்ச் செருப்பை ஒத்த செருப்பை மேடையேற்றி, எதிர்ப்பு எழுந்த பின்னரே அதன் இந்திய மூலத்தை ஒப்புக்கொண்டது. அந்தச் செருப்பைத் தலைமுறைகளாகச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினரே.

மாட்டுத்தோல் என்பதால் சமய உணர்வோடு தயங்குபவர்களும் உண்டு. அது அவரவர் தெரிவு. ஆட்டுத்தோலிலும் தடித்த துணியிலும் இதே தையலைச் செய்யலாம். ஆனால் மாட்டுத்தோல் சப்பாத்தையும் பெல்ற்றையும் அணிந்துகொண்டு, அதைத் தைப்பவரை மட்டும் தாழ்வாகப் பார்ப்பதற்குச் சமயம் காரணமாகாது.

இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் பல பத்தாண்டுகளாகக் கையில் வைத்திருந்த பைகள் லோனர் என்ற நிறுவனத்தினுடையவை. அவை வோல்சோலில் செய்யப்படுபவை. அந்த நிறுவனத்தை 1940களின் தொடக்கத்தில் லண்டனில் ஆரம்பித்தவர் சாம் லோனர், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறியவர். கைத்தொழிலோடு வந்த ஒரு புலம்பெயர்ந்தவரின் பை அரசியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

எமது பிள்ளைகளில் ஒருவர் தோலையும் ஊசியையும் எடுத்தால், "இதென்ன வேலை" என்று கேட்பதற்கு முன் அவர் தைத்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். பிறகு, "உன்ரை நேரத்துக்கும் சேர்த்துத்தானே விலை போட்டாய்?" என்று கேளுங்கள். அவருக்கு உதவப்போவது இந்த இரண்டாவது கேள்விதான்.